குக்கர் பட்டியலில் விட்டுப்போன ஒன்று

இந்த ஆகஸ்டில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு மேற்படிப்புக்கு வந்திறங்கப்போகும் தம்பி தங்கைகளுக்கு,

வணக்கம். சீனியர்கள் வாட்ஸ்அப்பில் சுற்றுக்கு விட்டிருக்கும் பட்டியலை நானும் பார்த்தேன். மூன்று லிட்டர் குக்கர், பருப்புப் பொடி, கொட்டை எடுத்த புளி, கண்ணாடி போடுபவர்கள் இரண்டு ஜோடி, கிளம்பும் முன் பல் டாக்டரிடம் ஒரு நடை. நல்ல பட்டியல். இதன் பழைய பதிப்பை வைத்துத்தான் நானும் 23 கிலோ பெட்டி இரண்டைக் கட்டினேன். எலுமிச்சை ஊறுகாய் வழியில் கசிந்ததைத் தவிர அந்தப் பட்டியலால் எனக்கு ஒரு கெடுதலும் வரவில்லை.

ஆனால் அதில் எழுத்து என்ற பேச்சே இல்லை. செமஸ்டர் தொடங்கி ஐந்தாறு வாரத்தில் உங்கள் முதல் ரிப்போர்ட் திரும்பி வரும். மார்க் சுமாராக இருக்கும். பக்கத்தில் ப்ரொஃபசர் ஒரு வரி போட்டிருப்பார்: ரைட்டிங் சென்டருக்குப் போய்ப் பார். மாணவர்கள் எழுதுவதற்குக் கைகொடுக்கப் பல்கலைக்கழகமே நடத்தும் மையம் அது. அன்று ராத்திரி பதினொரு மணிக்கு என் போனுக்கு ஒரு மெசேஜ் வரும். “அக்கா, நீங்க தமிழ்னு சொன்னாங்க. 11:59-க்கு சப்மிட் பண்ணணும். கொஞ்சம் பார்த்துக் குடுங்களேன்.”

அந்த மெசேஜுக்கான பதில்தான் இந்த மடல். ராத்திரி பதினொரு மணிக்கு அதைச் சொல்ல நேரம் இருப்பதில்லை.

நான் மத்திய மேற்கில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் சிவில் இன்ஜினியரிங் ஆராய்ச்சி மாணவி. வாரத்துக்கு 12 மணி நேரம் ரைட்டிங் சென்டரில் ட்யூட்டர் வேலை. ஊர் தென்காசிப் பக்கம். முதல் பட்டதாரி சான்றிதழுக்குத் தாலுகா ஆபீசில் மூன்று தடவை நின்று, அந்தக் கட்டணச் சலுகையில் இன்ஜினியரிங் படித்தவள். இங்கிலீஷ் எனக்குப் பாட்டி வீட்டுச் சொத்தாக வந்ததில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

முதலில் அங்கே என்ன நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன். தெரியாததால்தான் பாதிப் பேர் வருவதில்லை. இணையத்தில் அப்பாயின்ட்மென்ட் போட வேண்டும். எங்கள் சென்டரில் ஒரு சந்திப்பு 50 நிமிடம். காசு கிடையாது. நான் உங்களுக்கு எதிரில் உட்கார மாட்டேன், பக்கத்தில் உட்காருவேன். தாளும் பென்சிலும் உங்கள் பக்கம் இருக்கும். “இன்னைக்கு எதைப் பார்க்கணும்?” என்று கேட்பேன். அப்புறம் நீங்கள் எழுதியதை நீங்களே வாய்விட்டுப் படிக்கச் சொல்வேன். எல்லோருக்கும் கூச்சமாக இருக்கும். ஆனால் கண்ணுக்குத் தப்பிய பிழை நாக்கில் இடறும். ஒருவர் ஒரு வரியில் திக்கி நின்று, நான் வாயைத் திறக்கும் முன்பே “இது என்னமோ சரியில்லக்கா” என்று அடித்துவிடுவதை வாரத்துக்கு நாலு தடவை பார்க்கிறேன்.

இதற்கு எத்தனை மார்க் வரும் என்று கேட்டால் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியாது, தெரிந்தாலும் சொல்லக் கூடாது. ப்ரொஃபசரைப் பற்றிக் குறை சொன்னால் கேட்டுக்கொள்வேன், கூடச் சேர்ந்து குறை சொல்ல மாட்டேன். உங்களுக்குப் பதிலாக எழுதித் தர மாட்டேன். கடைசியாகச் சொன்னதில்தான் நம்மவர்களுக்குக் கோபம். “தமிழ்ப் பொண்ணா இருந்துக்கிட்டு இதுகூடச் செய்ய மாட்டீங்களா?” என்று என் முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறார்கள்.

ஒரு தடவை செய்தேன். ட்யூட்டராகச் சேர்ந்த முதல் செமஸ்டர். நம் ஊர்ப் பையன், நல்ல படிப்பாளி, லிட்டரேச்சர் ரிவ்யூவோடு, அதாவது முந்தைய ஆய்வுகளை அலசும் கட்டுரையோடு, வந்து உட்கார்ந்தான். தூக்கம் இல்லாமல் கண் சிவந்திருந்தது. பாவமாக இருந்தது. பென்சிலை வாங்கினேன். ஒரு வரியைத் திருத்தினேன், அடுத்ததையும் திருத்தினேன், 50 நிமிடத்தில் இரண்டு பக்கம் என் எழுத்தாகிவிட்டது. அவன் கும்பிடாத குறையாக நன்றி சொல்லிவிட்டுப் போனான். எனக்கும் பெருமைதான். அடுத்த வாரம் அவன் ப்ரொஃபசர் கூப்பிட்டு ஒரு வரியைக் காட்டி, “இந்த இரண்டு ஆய்வுகளும் முரண்படுகின்றன என்று சொல்கிறாயே, எந்த இடத்தில்?” என்று கேட்டிருக்கிறார். முரண்படுகின்றன என்பது என் சொல். அவன் எழுதியிருந்தது இரண்டும் வேறு வேறு என்று மட்டும்தான். வேறாக இருப்பது முரண் ஆகாது. அவனால் பதில் சொல்ல முடியவில்லை. அவர் நல்ல மனிதர், அதோடு விட்டுவிட்டார். பையன்தான் அதற்கப்புறம் சென்டர் பக்கமே வரவில்லை. லைப்ரரியில் என்னைக் கண்டால் புத்தக அடுக்குக்குள் திரும்பிவிடுவான். அவனுக்கு நான் உதவி செய்யவில்லை. அவன் பெயருக்குக் கீழே என் யோசனையை வைத்துவிட்டு வந்தேன்.

இங்கே ஒரு சங்கடமான விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். உங்களில் பலரிடமிருந்து இந்தப் பல்கலைக்கழகம் முதன்முதலில் படித்த இங்கிலீஷ் உங்களுடையது அல்ல. விண்ணப்பத்தோடு ஏன் படிக்க வருகிறேன் என்று எழுதி அனுப்பும் எஸ்.ஓ.பி.யைக் கன்சல்டன்சி எழுதியது. “சின்ன வயதிலிருந்தே இயந்திரங்கள் மேல் எனக்குத் தணியாத ஆர்வம்” என்று தொடங்கும் அந்த ஒரே கடிதம், பெயர் மட்டும் மாறி, எத்தனை பேருக்காக விமானம் ஏறியதோ. உங்களைக் குற்றம் சொல்லவில்லை. நமக்குக் காலேஜில் எழுதச் சொல்லிக் கொடுத்தது யார்? ரெக்கார்டு நோட்டை சீனியர் நோட்டைப் பார்த்து எழுதினோம். 16 மார்க் கேள்விக்கு எத்தனை பக்கம் நிரப்ப வேண்டும், எந்த இடத்தில் பட்டை அடிக்க வேண்டும் என்பதில் நாம் கில்லாடிகள். பேப்பர் திருத்துபவர் படிக்க மாட்டார், புரட்டுவார் என்ற நம்பிக்கையில் எழுதிய எழுத்து அது. இங்கே படிப்பார்கள். அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் அது முழு வித்தியாசம்.

போன வசந்த கால செமஸ்டரில் ஒரு பெண் வந்தாள். தூத்துக்குடிக்காரி. சிமென்ட்டில் ஒரு பங்கைக் குறைத்து அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த கான்கிரீட்டைப் பற்றிய ரிப்போர்ட். முதல் பத்தி, “இன்றைய நவீன உலகில் கான்கிரீட் மிகவும் முக்கியமான பங்கு வகிக்கிறது” என்று தொடங்கியது. இரண்டாவது பத்தியில் ரோமானியர்கள் வந்தார்கள். மூன்றாவதில் உலகம் வெப்பமயமாதல். அவள் உடைத்துப் பார்த்த கான்கிரீட் கட்டிகள் நாலாம் பக்கத்தில்தான் தலைகாட்டின. அங்கேயும் ஒரே வாக்கியம், எண்ணிப் பார்த்தோம், 61 சொல்.

தாளைக் கவிழ்த்து வைக்கச் சொன்னேன். “லேப்ல என்னதான் நடந்துச்சு? தமிழ்லயே சொல்லு.”

ஒரு நிமிஷம் யோசித்தாள். “ஏழு நாள்ல உடைச்சப்ப சாம்பல் போட்டது தோத்துப்போச்சுக்கா. வெறும் சிமென்ட்தான் கெத்து. எனக்கு அழுகையே வந்துருச்சு, கலவை தப்புன்னு நெனச்சேன். அப்புறம் 28 நாள்ல கிட்ட வந்துச்சு. 90 நாள்ல தாண்டிருச்சு. சாம்பல் மெதுவாத்தான்க்கா வேலை செய்யுது.”

“இது ரிப்போர்ட்ல எங்க இருக்கு?”

திருப்பிப் பார்த்தாள். அட்டவணையில் எண்கள் இருந்தன. இந்தக் கதை எங்கும் இல்லை. சாம்பல் ஏன் மெதுவாக வேலை செய்கிறது, அதாவது சிமென்ட் நீரோடு சேர்ந்து சுண்ணாம்பை வெளிவிட்ட பிறகுதான் அதற்கு வேலையே தொடங்குகிறது என்பதும் அவளுக்குத் தெரியும். கேட்டால் மூச்சு விடாமல் சொன்னாள். எழுதத் தோன்றவில்லை. “இதெல்லாம் அவருக்குத் தெரியுமேக்கா” என்றாள்.

தாளின் பின்பக்கத்தில், சொன்னதைச் சொன்னபடி தமிழில் எழுதச் சொன்னேன். ஐந்து வரி வந்தது. அதை வைத்துக்கொண்டு இங்கிலீஷில் எழுதினாள். அதுவும் ஐந்து வரி. இரண்டு இடத்தில் ‘ஏ’, ‘தி’ போன்ற ஆர்ட்டிகிள் விட்டுப்போயிருந்தது. அதைப் பற்றி நான் அன்றைக்கு வாயே திறக்கவில்லை. ரோமானியர்களை அவளே அடித்தாள்.

அந்த 61 சொல் வாக்கியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அது தப்பான இங்கிலீஷ் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். அது நல்ல தமிழ். நாம் ‘கலந்து, ஊற்றி, ஊறவைத்து, எடுத்து, உடைத்து, பார்த்தோம்’ என்று வினையெச்சங்களைச் சரம் கோத்துக் கடைசியில் ஒரு முடிச்சுப் போடுகிறவர்கள். கேட்பவர் பொறுமையாகக் கடைசிவரை வருவார் என்பது நம் மொழியின் எதிர்பார்ப்பு. இங்கிலீஷ் வாசகர் வினைச்சொல் எங்கே என்று இரண்டாம் சொல்லிலேயே தேடத் தொடங்குகிறார். அதனால் அறிவுக் குறைவு யாருக்கும் இல்லை. முடிச்சை முன்னால் கொண்டுவர வேண்டியிருக்கிறது, அவ்வளவே. ஆர்ட்டிகிளும் அப்படித்தான். நம்மிடம் அந்தச் சாமானே கிடையாது. என்னோடு வேலை பார்க்கும் அமெரிக்கப் பையன் ‘தி’ எங்கே வரும் என்பதில் ஒருநாளும் தப்பு விட மாட்டான். ஏன் என்று கேட்டால் “காதுக்கு அப்படி இருக்கு” என்பான். விதியைச் சொல்ல அவன் என்னைத்தான் கூப்பிடுகிறான். அடிபட்டுக் கற்றவளுக்குத்தான் விதி தெரியும்.

தப்புக்குக்கூட ஒரு கணக்கு உண்டு என்பதை இந்த ஊரில் நிறுவிக் காட்டியவர் மைனா ஷானஸி. நியூயார்க் சிட்டி காலேஜில் எழுத்து சொல்லிக்கொடுத்தவர். 1970-ல் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம், நகரப் பள்ளியை முடித்த யாருக்கும் இடம் உண்டு என்று கதவைத் திறந்துவிட்டது. ஏழை வீட்டுப் பிள்ளைகள், கறுப்பினத்தவர், புவேர்ட்டோ ரிக்கர், வேறு மொழி பேசும் வீட்டிலிருந்து வந்தவர்கள் என்று உள்ளே வந்தார்கள். இதுகளை எப்படித் தேற்றுவது என்று பேராசிரியர்கள் தலையில் கை வைத்தபோது, ஷானஸி அந்தப் பிள்ளைகளின் சுமார் 4,000 நுழைவுக் கட்டுரைகளை எடுத்துப் படித்து, ஒவ்வொரு பிழைக்குப் பின்னாலும் ஒரு காரணம் இருக்கிறது என்று 1977-ல் புத்தகமாகவே போட்டார். அதே காலத்தில் புரூக்ளின் காலேஜில் கென்னத் புரூஃபி வேறொன்றைக் கவனித்தார். ஆசிரியர்களை வைத்து உதவி மையம் திறந்தால் மாணவர்கள் வர மறுக்கிறார்கள். வகுப்பில் எதைக் கண்டு ஒதுங்கினார்களோ அதுவே இன்னோர் அறையிலும் உட்கார்ந்திருப்பதாக அவர்களுக்குப் பட்டது. சக மாணவர்களுக்குப் பயிற்சி கொடுத்து உட்காரவைத்தார்கள். வந்தார்கள். நான் உட்காரும் நாற்காலியின் பூர்வீகம் அதுதான். முதல் தலைமுறையாகக் காலேஜ் வாசலை மிதித்தவர்களுக்காகப் போடப்பட்ட நாற்காலி. இங்கே வர நமக்கு என்ன வெட்கம்?

கூடப் படிப்பவரிடம் கற்பது நமக்குப் புதிதும் அல்ல. பவணந்தி முனிவர் நன்னூலில் கணக்கே போட்டு வைத்திருக்கிறார். ஆசிரியர் சொன்னதை எவ்வளவு கவனமாகப் பிடித்துக்கொண்டாலும் கால் பங்குதான் சேரும். உடன் பயில்பவர்களோடு பழகுவதில் இன்னொரு கால். மீதி அரைப் பங்கு பிறருக்கு எடுத்துச் சொல்லும்போது. அந்த அரைப் பங்கு எனக்குச் சென்டரில்தான் வந்து சேர்ந்தது. என் தீசிஸின் இரண்டாம் அத்தியாயத்தைத் தூக்கிக்கொண்டு நானே போன மாதம் அப்பாயின்ட்மென்ட் போட்டு, வரலாறு படிக்கும் ஒரு ட்யூட்டருக்கு முன்னால் வாய்விட்டுப் படித்தேன். மூன்றாம் பக்கத்தில் என் தொண்டை அடைத்தது. அந்த இடத்தில் நான் சொல்ல ஒன்றுமில்லாமல் எழுதியிருந்தேன்.

“மெஷின்தான் இருக்கே, அக்கா எதுக்கு?” என்று க்ரூப்பில் ஒரு தம்பி கேட்டிருந்தான். நியாயமான கேள்வி. 2022 நவம்பர் கடைசியில் சாட்ஜிபிடி வந்த பிறகு எங்கள் சென்டரில் நாங்களே இதைப் பேசிப் பேசி ஓய்ந்துவிட்டோம். வாக்கியத்தை வழவழப்பாக்க அது என்னைவிடக் கெட்டிக்காரன், ராத்திரி பதினொரு மணிக்கும் விழித்திருக்கும். லேபில் என்ன நடந்தது என்று அதைக் கேட்கச் சொன்னால் கேட்கவும் செய்யும். ஆனால் நீங்கள் கேட்கச் சொல்வதில்லை, எழுதச் சொல்கிறீர்கள். நான் என் பென்சிலால் அந்தப் பையனுக்குச் செய்ததைத்தான் அதுவும் செய்கிறது, இன்னும் வேகமாக. எந்த வகுப்பில் அனுமதி, எதில் இல்லை என்று சிலபஸில் போட்டிருப்பார்கள். ஒவ்வொருவருக்கு ஒவ்வொரு விதி. முதல் நாளே படியுங்கள்.

இன்னொன்று. நீங்களே எழுதினாலும் மெஷின் எழுதியது என்று சந்தேகம் வரலாம். 2023-ல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள், இங்கிலீஷ் தாய்மொழி அல்லாதவர்கள் எழுதும் டோஃபல் தேர்வுக்காக மனிதர்கள் எழுதிய 91 கட்டுரைகளை, மெஷின் எழுத்தைக் கண்டுபிடிக்கும் ஏழு கருவிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சராசரியாக 61 சதவீதத்தை மெஷின் எழுதியது என்று அவை சொல்லின. அமெரிக்க எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரைகளில் அந்தக் குளறுபடி இல்லை. எளிய சொல்லில், பாதுகாப்பான வாக்கியத்தில் எழுதும் நம்மைப் போன்றவர்கள்தான் மாட்டுகிறோம். கூகுள் டாக்ஸில் எழுதினால் நீங்கள் அடித்தது, திருத்தியது எல்லாம் தேதியோடு நிற்கும். டிராஃப்ட்டை அழிக்காதீர்கள். சென்டருக்கு வந்து போனதற்கும் ஒரு குறிப்பு இருக்கும். ஒருநாள் தேவைப்படும்.

காப்பி விஷயத்தில் நம் பிள்ளைகள் மாட்டுவது பெரும்பாலும் திருட்டுப் புத்தியால் அல்ல. மூலக் கட்டுரையைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு, வரிக்கு வரி நாலு சொல்லை மட்டும் மாற்றுவது. ஊரில் அதற்குச் சொந்த நடையில் எழுதுவது என்று பெயர். இங்கே அதற்கு விசாரணை. கடைசியில் அடைப்புக்குறிக்குள் பெயரும் ஆண்டும் போட்டுவிட்டால் சரியாகிவிடாது. நான் சொல்லும் வைத்தியம் ஒன்றே ஒன்று: படித்ததை மூடுங்கள். அறைத்தோழனிடம், யாரும் இல்லாவிட்டால் குக்கரிடமாவது, அந்தக் கட்டுரை என்ன சொல்கிறது என்று தமிழில் சொல்லுங்கள். சொல்ல வந்தால் எழுதுங்கள். சொல்ல வராவிட்டால் நீங்கள் இன்னும் படிக்கவில்லை.

ப்ரொஃபசர்களிடமும் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு, அவர்கள் இதைப் படிக்கப்போவதில்லை என்றாலும். ‘இவன் இங்கிலீஷைச் சரிசெய்து அனுப்பு’ என்ற பாவனையில் எங்களிடம் தள்ளிவிடுகிறார்கள், சட்டையைச் சலவைக்குப் போடுவது மாதிரி. இதே கோபத்தில் ஸ்டீஃபன் நார்த் என்பவர் 1984-லேயே ஒரு கட்டுரை எழுதி, இது பழுதுபார்க்கும் பட்டறை இல்லை, எழுதியதை அல்ல எழுதுகிறவரைத்தான் தேற்றுகிறோம் என்று சண்டை போட்டிருக்கிறார். நாற்பது வருஷம் ஆகிறது. சலவைக்கு இன்னும் சட்டை வந்துகொண்டுதான் இருக்கிறது.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். கெடுவுக்கு ஒரு வாரம் முன்னால் வாருங்கள். முழு ரிப்போர்ட் வேண்டாம், அரைப் பக்கம் போதும், அதுவும் இல்லாவிட்டால் அசைன்மென்ட் தாளோடு மட்டும் வாருங்கள், பேசலாம். பெண்பிள்ளைகள் வருகிறீர்கள், பையன்கள்தான் “இங்கிலீஷ் வராதவன்தான் அங்க போவான்” என்று சுற்றிக்கொண்டிருக்கிறீர்கள். சாயங்காலம் வந்து பாருங்கள். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள்தான் பாதி நாற்காலியில் இருப்பார்கள். என் பெயரைப் பார்த்துவிட்டு வேறு ட்யூட்டர் இல்லையா என்று கேட்ட ஒரு முதலாண்டுப் பையன் இப்போது செவ்வாய்க்கிழமை தவறாமல் என்னிடம் வருகிறான்.

இரண்டு செமஸ்டர் கழித்து நீங்களே இந்த வேலைக்கு விண்ணப்பம் போடலாம். வளாகத்துக்குள் நடக்கும் வேலை, எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வகுப்பு நடக்கும் நாட்களில் வாரம் 20 மணி நேரம்வரை செய்யலாம். கேன்டீனில் தட்டுக் கழுவுவதைவிடச் சம்பளம் பெரிதாக அதிகம் இல்லை. ஹீட்டர் போட்ட அறை, அது ஒன்று.

பதினொரு மணி மெசேஜுக்கு இனி இந்த மடலையே அனுப்பப்போகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அன்புடன்,
செவ்வாய், வியாழன் மாலைகளில் ஜன்னலோர மேஜையில் இருக்கும் அக்கா

பி.கு.: குக்கர் கண்டிப்பாகக் கொண்டு வாருங்கள். கேஸ்கட் இரண்டு எக்ஸ்ட்ரா போடுங்கள், வெயிட்டைக் கழற்றிச் சாக்ஸுக்குள் சுருட்டி வையுங்கள். பட்டியலில் அதையும் விட்டிருக்கிறார்கள்.